ஓரியின் நாணமும் பாவையின் சிரிப்பும்

கொல்லி மலை என்றவுடன் தமிழிலக்கிய ஆர்வலர்களுக்கு இரண்டு உருவங்கள் நினைவில் எழும். ஒன்று, ஒரே அம்பினால் ஐந்து விலங்குகளை வீழ்த்திய வல்வில் ஓரி. மற்றொன்று, சிரித்து மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை. ஒருவன் ஆண்மையின் உச்சம் என்று போற்றப்படுபவன். மற்றவள் பெண்மையின் அழகுக்கும் அச்சத்துக்கும் ஒருசேர அடையாளமாக நிற்பவள். நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், செம்மேட்டில் ஓரியின் சிலையைக் காணலாம். எட்டுக்கை அம்மன் கோயிலில் பாவையையே தெய்வமாக வழிபடுகிறோம் என்று சொல்லும் மக்களையும் காணலாம்.

இவ்விருவரையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆயினும் சங்கப் பாடல்களைச் சற்று ஊன்றிப் படித்தபோது, நமக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. ஓரியைப் பாடிய மிகச் சிறந்த பாட்டில் அவன் நாணுகிறான். பாவையைப் பாடிய சங்கப் பாடல்களில் அவள் யாரையும் கொல்வதில்லை. நாணம் பெண்ணுக்குரியது, கொலைத் தொழில் ஆணுக்குரியது என்று நாம் பள்ளிப் பருவம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். இந்தப் பங்கீடு எப்போது, எவ்வாறு ஏற்பட்டது? ஆண் இப்படித்தான் இருக்கவேண்டும், பெண் இப்படித்தான் தோன்றவேண்டும் என்ற சமூகத்தின் எதிர்பார்ப்பு, மனிதர்களின் நடையையும் நகைப்பையும் எவ்வாறு வடிவமைத்தது? கொல்லி மலையைத் துணையாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்ந்து பார்ப்போம்.

வேட்டுவன் நாணினான்

புறநானூற்றின் 152ஆம் பாடல் வன்பரணர் பாடியது. 1894ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டதன் பின்னரே இப்பாடல் பரவலான வாசகர்களின் கைக்கு வந்தது. அதன் செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பாணர் கூட்டமொன்று காட்டுவழியே செல்கிறது. அங்கே ஒரு வேட்டுவன் அம்பு எய்கிறான். அந்த அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியாகப் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. அவன் யாரென்று பாணர்களுக்குத் தெரியவில்லை. கொன்று பிழைக்கும் எளிய வேடனாகவும் தோன்றவில்லை. மார்பில் ஆரம் புரள்கிறது, செல்வமுடையவனாகத் தெரிகிறான். இவன்தான் ஓரியோ, அல்லது வேறொருவனோ என்று ஐயுறுகிறார்கள். கூட்டத்தின் தலைவன் விறலியை அழைத்து, பாடலைத் தொடங்குவோம் என்கிறான். முழவுக்கு மண் பூசுகிறார்கள், யாழில் பண் நிறுத்துகிறார்கள், மற்ற கருவிகளையும் இயக்குகிறார்கள். இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடி முடித்து, நிறைவில் தலைவனைக் குறிக்கும் சொல்லைச் சொல்கிறார்கள். அது தன்னைக் குறிப்பதாக இருந்ததால் அந்த வேட்டுவன் நாணுகிறான்.

“நாங்கள் நாடு நாடாகச் செல்பவர்கள், உனக்கு இணையான வேட்டுவனை எங்கும் கண்டதில்லை” என்று அவர்கள் சொல்ல வாயெடுக்கும்போதே, மேலும் பேசவிடாமல், வேட்டையாடிய மானின் ஊனையும் தேறலையும் தருகிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து, கொள்ளுங்கள் என்கிறான். அவன்தான் கொல்லித் தலைவன்.

யானையையும் புலியையும் வீழ்த்திய கை அவனுடையது. அதே மனிதன், தன் முகத்துக்கெதிரே தன்னைப் புகழக் கேட்டதும் கூசிப் போகிறான். புலவர் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவனுடைய வில்லாற்றலுக்கும் கொடைக்கும் நடுவே, இரண்டையும் இணைக்கும் பண்பாக வைக்கிறார். ஓரி நாணாதவனாக இருந்திருந்தால், அந்தக் கொடை வெறும் செல்வச் செருக்காகத் தோன்றியிருக்கும். நாணமே அவனை மனிதனாக்குகிறது!

இன்று ஆடி மாதத்தில் ஓரி விழா நடைபெறும்போது நாம் நினைவுகூர்வது வில்லையும் அம்பையும்தான். அந்த நாணம் நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது. நழுவியது தற்செயலா?

இலக்கணம் வகுத்த எல்லை

தொல்காப்பியம் பொருளதிகாரத்தின் களவியலில் இரண்டு நூற்பாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, பெருமையையும் உரனையும் ஆணுக்குரியவை என்கிறது. அடுத்தது, அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றும் பெண்ணுக்கு என்றும் உரியவை என்கிறது. பிற்காலத்தில் இவற்றோடு பயிர்ப்பு என்பதையும் சேர்த்து, அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாற்குணமாக நாம் மனப்பாடம் செய்தோம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழலாம். தொல்காப்பியர் வாழ்க்கைக்குச் சட்டம் இயற்றவில்லை, அகப்பாடல் இயற்றும் புலவர்களுக்கு மரபைச் சொன்னார். களவுக் காதலில் தலைவனும் தலைவியும் எவ்வாறு சித்திரிக்கப்படவேண்டும் என்பதே அவர் நோக்கம் என்று அறிஞர்கள் கூறுவதுண்டு. இம்மறுப்பை நாம் ஏற்கிறோம். உண்மையில் ஓரியின் நாணமே இதற்குச் சான்று. அகத்தில் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு பண்பு, புறத்தில் ஆணுக்குத் தடையின்றி வந்து சேர்கிறதல்லவா? ஆனால் மேடைக்கென்று வகுத்த ஒப்பனையை வீட்டிலும் கலைக்கக்கூடாது என்று கட்டளையிட்டால் என்ன ஆகும்? நடந்தது அதுதான். பாட்டின் மரபாக இருந்தது ஒழுக்கத்தின் விதியாக மாறிற்று.

இந்த மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தின் சுவடுகளைத் திருக்குறளில் காணலாம் என்று தோன்றுகிறது. நாணுடைமை என்ற அதிகாரம் பொருட்பாலில் இடம்பெற்றுள்ளது. எல்லா மக்களுக்கும் உரிய பண்பாகவே நாணத்தை அது பேசுகிறது. ஆனால் அதன் முதற்குறளிலேயே வள்ளுவர் ஒரு கோடு கிழிக்கிறார். தகாத செயலுக்காக நாணுவது ஒன்று; அழகிய பெண்களின் நாணம் வேறொன்று என்கிறார். ஒரே சொல் அங்கே இரண்டாகப் பிளக்கிறது. ஒன்று அறத்தைச் சார்ந்தது, மனச்சான்றோடு தொடர்புடையது. மற்றொன்று தோற்றத்தைச் சார்ந்தது, பார்ப்பவரின் கண்ணோடு தொடர்புடையது.

காமத்துப்பாலில் நாணுத் துறவுரைத்தல் என்ற அதிகாரத்தையும் இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். காதலில் தோற்ற தலைவன் மடலேறத் துணிகிறான். பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ மாலை சூடி, ஊரறியத் தெருவில் வந்து, தன் காதலைப் பறைசாற்றுவதே மடல். அவன் சொல்கிறான்: நாணமும் நல்ல ஆண்மையும் முன்பு என்னிடம் இருந்தன, இப்போது என்னிடம் இருப்பது மடல்தான். கவனியுங்கள், நாணமும் ஆண்மையும் ஒரே மூச்சில், ஒருவனுடைய உடைமைகளாகச் சொல்லப்படுகின்றன. ஒன்றிருந்தால் மற்றொன்று இருக்காது என்ற எண்ணம் அங்கே இல்லை.

ஆனால் அதே அதிகாரத்தில், கடல் போன்ற காமத்தில் தவித்தாலும் மடலேறாமல் இருக்கும் பெண்ணின் பெருமையும் பேசப்படுகிறது. தொல்காப்பியமும் பெண் மடலேறுவதை எத்திணையிலும் விலக்குகிறது. அதாவது, நாணம் ஆணிடமும் இருந்தது, பெண்ணிடமும் இருந்தது. அதைத் துறக்கும் உரிமை ஆணுக்கு மட்டுமே இருந்தது. வேறுபாடு பண்பில் இல்லை; அதைக் கையாளும் உரிமையில்தான் இருக்கிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவதன் சாரம் இதுவே.

பாவையின் மடம்

இனிப் பாவைக்கு வருவோம். குறுந்தொகை 100ஆம் பாடலில் கபிலர், வல்வில் ஓரியின் கொல்லி மலையிலுள்ள பாவையைப் போலத் தலைவி மடப்பம் உடையவளாக இருக்கிறாள் என்று தலைவன் கூற்றாகப் பாடுகிறார். அகநானூறு 62ஆம் பாடலில் பரணர், பொறையனுடைய கொல்லியில் கடவுள் எழுதிய பாவையைப் போல மடத்தால் மாட்சிமைப்பட்டவள் என்று தலைவியைப் பாடுகிறார். இருவேறு புலவர்கள், உவமையும் ஒன்று, அந்த உவமையால் விளக்கப்படும் பண்பும் ஒன்று. மடம்! தொல்காப்பியம் பெண்ணுக்கென வகுத்த மூன்றில் அதுவும் ஒன்று.

மடம் என்பதற்கு, பிறர் அறிவுறுத்தியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கைவிடாதிருத்தல் என்று உரையாசிரியர் மரபு பொருள் சொல்கிறது. இதற்குச் சிலையைவிடச் சிறந்த உவமை ஏது? செதுக்கியவன் செதுக்கியபடியே சிலை நிற்கும். நற்றிணை 201ஆம் பாடல் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. காற்று மோதினாலும், இடி தாக்கினாலும், நிலமே கிளர்ந்தாலும், கொல்லிப்பாவையின் அழகிய உருவம் மாறாது. அதுபோல அவள் என் நெஞ்சைவிட்டு நீங்காள் என்கிறான் தலைவன். மாறாமையே அங்கு அழகு.

இதில் ஒரு வரலாற்றுச் செய்தியும் மறைந்திருக்கிறது. கபிலர் பாட்டில் கொல்லி ஓரிக்குரியது. பரணரின் பாட்டில் அது சேரன் பொறையனுக்குரியது. இடையே நடந்ததை அகநானூறு 209ஆம் பாடல் சொல்கிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். மலையை ஆண்டவன் மாறினான், பாவை மாறவில்லை. அவளுடைய உருவம், அவளை உவமையாக்கிய நோக்கு, அவளிடமிருந்து எதிர்பார்க்கப்பட்ட மடம் எல்லாம் அப்படியே நின்றன.

ஆனால் பரணரின் பாடலை முழுமையாகப் படித்தால் ஒரு முரண் தென்படுகிறது. அந்தத் தலைவி உண்மையில் என்ன செய்தாள்? பேயும் அறியாதபடி மறைவாகக் காதலனைச் சந்தித்தவள் அவள். சந்திப்பு அரிதாகிப் போன நிலையில், நேற்று, காவிரிப் பெருக்கில் பாய்ந்து நீராடுபவளைப் போல வந்து, நடுக்கும் துயர் தீரத் தழுவியவள். முறுவலால் பொலியும் பற்களை உடையவள் என்று அவள் சிரிப்பையும் புலவர் மறக்காமல் சொல்கிறார். இத்தனை துணிவும் வேட்கையும் உடைய பெண்ணைத்தான், பாடலின் இறுதி அடி அசையாத பாவையோடு ஒப்பிட்டு, மடம் உடையவள் என்கிறது!

பரணர் அறியாமல் செய்தாரென்று நாம் கருதவில்லை. பகலில் ஊரார் முன்னிலையில் அவள் காட்டியாகவேண்டிய முகம் பாவையின் முகம். இரவில் அவளுடைய முகம் வேறு. மடம் அவளுடைய இயல்பன்று. அவள் அணிந்த அணி. குறுந்தொகை 28ஆம் பாடலில் ஔவையார் படைத்த தலைவியோ, தன் நோயறியாது உறங்கும் ஊரை முட்டுவேனோ, தாக்குவேனோ, கூவுவேனோ என்று குமுறுகிறாள். அவளும் குமுறுகிறாளே தவிர, கூவிவிடவில்லை. எதிர்பார்ப்புக்கும் உள்ளத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தது என்பதை இப்படிப்பட்ட பாடல்கள் நமக்குக் காட்டிவிடுகின்றன.

சிரித்தால் கொல்பவள்

சங்கப் பாடல்களில் பாவையைப் பற்றிய குறிப்புகள் தெய்வத் தன்மையைச் சொல்கின்றன. பூதம் அமைத்தது என்று நற்றிணை 192ஆம் பாடலும், தெய்வம் எழுதியது என்று குறுந்தொகை 89ஆம் பாடலும் கூறுகின்றன. கொல்லியை அச்சம் தரும் மலை என்றும் பாடுகிறார்கள். ஆயினும் பாவை அங்கே காணப்படும் பொருள். செயல்படும் உயிர் அல்லள்.

பிற்கால மரபில் கதை விரிகிறது. மலையில் தவம் செய்த முனிவர்களுக்கு அரக்கர்களால் இடையூறு வந்தது. அவர்களைத் தடுக்க ஒரு பெண் பாவையைச் செய்து நிறுத்தினார்கள். அரக்கரின் வாடை பட்டால் அவள் அசைவாள். கண்ணும் இதழும் அசையச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்கியவனைக் கொன்றுவிடுவாள். அசையாதவரை அழகு, அசைந்தால், அதிலும் சிரித்தால், சாவு!

பாவை காவல் தெய்வமாகத்தான் படைக்கப்பட்டாள். அவள் கொல்வது அரக்கர்களைத்தான். ஆனால் மக்கள் நினைவில் தங்கியது காவல் அன்று, சிரிப்பு. “பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு” என்ற பழமொழியை அறியாத தமிழர் உண்டோ? இப்பழமொழிக்கும் கொல்லிப்பாவைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நாம் சொல்லவரவில்லை. இரண்டும் ஒரே அச்சத்தில் முளைத்தவை என்றே சொல்கிறோம். பெண்ணின் சிரிப்பு அவளுடைய மகிழ்ச்சியின் வெளிப்பாடாகப் பார்க்கப்படவில்லை. அது பார்க்கும் ஆணுக்கு நேரும் ஒன்றாக, அவனைக் குலைக்கும் ஒன்றாகவே பார்க்கப்பட்டது. ஆகவே அடக்கவேண்டியது அவன் மனத்தையன்று, அவள் சிரிப்பை என்றாயிற்று. புகையிலையை விரித்தால் அதன் காரம் போய்விடும். அதற்குப் பொருளியல் காரணமாவது உண்டு. சிரித்தால் பெண்ணுக்கு என்ன போய்விடும் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை!

ஐந்து விலங்குகளை ஒரே அம்பால் கொன்ற ஓரிக்குக் கிடைத்தது புகழ். அரக்கரைக் கொன்ற பாவைக்குக் கிடைத்தது அச்சம். 1970களில் தமிழில் தீவிர இலக்கியத்துக்கென வெளிவந்த சிற்றிதழ் ஒன்றுக்கு ‘கொல்லிப்பாவை’ என்று பெயரிட்டார்கள். அதன் ஆசிரியர் ராஜமார்த்தாண்டன். கலையின் மயக்கும் ஆற்றலுக்கு அப்பெயர் பொருந்தியது உண்மையே. அந்தக் கவர்ச்சிக்குள்ளும் பழைய அச்சத்தின் நிழல் இருக்கத்தான் செய்கிறது.

கொல்லி காவலனின் தாய்க்குரல்

கொல்லி மலையோடு பெயரளவில் தொடர்புடைய மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் குலசேகர ஆழ்வார். சேர மரபில் வந்தவராகிய அவர், தம் பாசுரங்களில் தம்மைக் கொல்லி காவலன் என்று குறிப்பிட்டுக்கொள்கிறார். ஓரியிடமிருந்து சேரர் கைக்குப் போன மலை, நூற்றாண்டுகள் கடந்தும் அவர்களுடைய பட்டப் பெயரில் தங்கியிருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் இந்த அரசர் தேவகியாக மாறிப் புலம்புகிறார். குழந்தையைப் பெற்றும் வளர்க்கும் பேறு பெறாத தாய் அவள். கண்ணனின் மழலையை யசோதை கேட்டாள், தளர்நடையை யசோதை கண்டாள், பாலூட்டும் இன்பமும் அவளுக்கே வாய்த்தது. எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லையே என்று ஏங்குகிறாள். அப்பதிகத்தின் முத்திரைப் பாடலில்தான், இது கொல்லி காவலன் சொன்னது என்று கையொப்பமிடுகிறார் குலசேகரர். வாளேந்திய அரச பட்டமும் பாலூட்ட இயலாத தாயின் துயரமும் ஒரே பாட்டில்! அதற்கு முந்தைய திருமொழியில் ஊடல் கொண்ட ஆய்ச்சியராகவும், அடுத்ததில் இராமனைத் தாலாட்டும் கோசலையாகவும் அவர் பேசுகிறார்.

திருமங்கையாழ்வாரோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். போர்வீரராகவும் குறுநில மன்னராகவும் அறியப்பட்ட அவர், சிறிய திருமடல், பெரிய திருமடல் என்ற இரண்டு நூல்களில் பெண்ணாகவே பேசி, மடலேறுவேன் என்கிறார். பெண்கள் மடலேறமாட்டார்கள் என்று தென்னாட்டில் ஒரு பேச்சு உண்டு, அதை நாம் ஏற்கமாட்டோம் என்று வெளிப்படையாகவே மரபை மறுக்கிறார். தொல்காப்பியம் பூட்டிய கதவை, பெண்ணின் குரலில் ஓர் ஆண் வந்து தட்டுகிறார்.

இது விடுதலையா என்று கேட்டால், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. அரசனும் வீரனும் அழவும் ஏங்கவும் நாணத்தைத் துறக்கவும் பக்தி ஓர் இடத்தைத் திறந்துவிட்டது. அந்த உணர்வுகள் ஆணுக்கு அந்நியமானவை அல்ல என்பது அங்கே வெளிப்பட்டது. ஆனால் அவற்றைச் சொல்ல அவன் பெண்ணாக வேண்டியிருந்தது. ஏக்கம் பெண்ணின் மொழி என்ற எதிர்பார்ப்பு அப்படியே நின்றது. ஆண் அதைக் கடவுளின் முன்னிலையில் மட்டும் இரவலாக எடுத்துக்கொண்டான். ஓரிக்கு அந்த இரவல் தேவைப்படவில்லை என்பதை இங்கே நினைவுபடுத்துகிறோம். அவன் வில்லோடு நின்றபடியே நாணினான்.

தமக்கென ஈறு இல்லாதவர்கள்

ஆண், பெண் என்ற இரு சட்டங்களுக்குள் அடங்காதவர்களைத் தமிழ் மரபு எங்கே வைத்தது? தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் அவர்களைக் குறிப்பிடத் தவறவில்லை. உயர்திணைக்குள்ளேயே வைத்துப் பேசுகிறது. ஆனால் அவர்களுக்கெனப் பால் உணர்த்தும் தனி ஈறு இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார். அவர்களுக்கு மட்டும் வினைமுற்றில் இடமில்லை. இருக்கும் ஈறுகளில் ஒன்றை ஏற்கவேண்டும். கி.பி. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்பினால் ஆண்பால், ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்பினால் பெண்பால் என்று வகுத்து, அஃறிணை போலவும் வழங்கலாம் என்று முடிக்கிறது. விருப்பத்தை அடிப்படையாக ஏற்ற அதே நூற்பாவின் இறுதியில், உயர்திணையிலிருந்தே இறக்கிவிடவும் வழி திறந்திருக்கிறது.

ஆடலில் மட்டும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களில் ஒன்று பேடு. வாணன் நகரில் காமன் ஆடியதாகச் சொல்லப்படுவது. மணிமேகலையும், சுருண்ட தாடியும் பெண்ணின் ஒப்பனையும் கொண்டு தெருவில் ஆடும் பேடிக் கோலத்தையும், அதைச் சூழ்ந்து நின்று பார்க்கும் மக்களையும் காட்டுகிறது. மேடையில் கைதட்டல், இலக்கணத்தில் இடமின்மை என்ற நிலை மிக நெடுங்காலம் நீடித்தது. தமிழக அரசு 2008இல் அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் நம் காலத்தில் வழக்குக்கு வந்தன. ஒரு சொல் கிடைப்பதற்கு இத்தனை நூற்றாண்டுகள்!

மலையின் பக்கம்

இவ்வளவும் கொல்லியைப் பற்றிப் பிறர் எழுதியவை. மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது, கேரளத்தோடு தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் இவர்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. மணமுறிவும் மறுமணமும் இவர்களிடையே இயல்பாக நடந்ததை, அக்கால அதிகாரிகள் வியப்போடும் சற்று இகழ்ச்சியோடும் பதிந்தார்கள். சமவெளியின் மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்ணை அளவுகோலாகக் கொண்டே அவர்கள் மலைப்பெண்ணை அளந்தார்கள். கைம்பெண்ணை மூலையில் உட்காரவைத்த சமூகம் ஒழுக்கமுடையதாகவும், அவளுக்கு மறுவாழ்வு தந்த சமூகம் ஒழுக்கம் தளர்ந்ததாகவும் அந்த ஏடுகளில் தோன்றியது விந்தையே.

இதைக் கொண்டு மலையில் பெண்ணுக்கு முழு உரிமை இருந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் அந்நிலத்தில் களையெடுப்பும் அறுப்பும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. சாமையைக் குற்றி அரிசியாக்கும் கடும்பணியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மகளிர் குழுக்களின் வழியே சிறு இயந்திரங்களை அறிமுகப்படுத்தியபோது தீர்க்க முயன்ற இடர்களில் இதுவும் ஒன்று. உலக்கை பிடித்த கைக்கு மடம் என்ற அணி பொருந்துமா என்று எந்தப் புலவரும் கேட்டதில்லை. பாவையைக் கண்டவர்கள் பலர். அவளுக்கருகே தினை குற்றியவளைக் கண்டவர்கள் மிகச் சிலர்.

எஞ்சி நிற்பது

பாரதி தம் புதுமைப் பெண்ணிடமிருந்து நாணத்தையும் அச்சத்தையும் பிடுங்கி எறிந்தார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் இன்னும் ஆழமாகச் சென்று, வீரத்துக்கும் அதிகாரத்துக்கும் ஆண்மை என்று பெயர் வைத்திருக்கும்வரை பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றார். இருவருடைய சீற்றத்தின் நியாயத்தை நாம் முழுமையாக உணர்கிறோம். பெண்ணின் கழுத்தில் மாட்டிய நாணம் கழற்றி எறியப்படவேண்டியதே.

ஆயினும் வன்பரணர் காட்டிய நாணம் அதுவன்று. யாரும் ஓரியை நாணும்படி கட்டளையிடவில்லை. நாணாவிட்டால் ஊர் தூற்றும் என்ற அச்சமும் அவனுக்கில்லை. தன் ஆற்றலின் அளவைத் தானே அறிந்த ஒருவனுக்குப் புகழுரையின்முன் எழுந்த இயல்பான கூச்சம் அது. அதைப் பெண்ணின் பண்பு என்று முத்திரை குத்தியதால் இருவருக்கும் இழப்பு நேர்ந்தது. பெண்ணுக்கு அது கட்டாயமாயிற்று, ஆணுக்கு அது இழுக்காயிற்று. ஆண்பிள்ளை வெட்கப்படலாமா, அழலாமா என்று கேட்டுக் கேட்டே, ஓரியின் வழிவந்தவர்களிடமிருந்து ஓரியின் மிகச் சிறந்த பண்பை நாம் பறித்துவிட்டோம். பொம்பளை சிரிக்கலாமா என்று கேட்டுக் கேட்டே, பரணர் பாடலின் தொடக்கத்திலேயே வியந்து பாடிய முறுவலைக் குற்றமாக்கிவிட்டோம்.

அடுத்த முறை கொல்லி மலைக்குச் செல்லும் நண்பர்கள் ஓரியின் சிலைமுன் நின்று அவனுடைய வில்லை மட்டும் பார்க்காமல், புறநானூற்றின் 152ஆம் பாடலையும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டுகிறோம். உடன் வரும் மகனுக்கும் மகளுக்கும் அதைப் பொருள் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பாட்டைக் கேட்டு மகன் ஓரியைப் போல நாணினாலும், மகள் வாய்விட்டுச் சிரித்தாலும், இருவரையும் தடுக்காதிருங்கள்.